வால் இல்லாத சுறா

நீளவால் சுறாவைப் பிடிக்கக் கூடாது என்று வெள்ளவத்தைச் சந்தையின் தூணில் நோட்டீஸ் ஒட்டியவன் நான். கடற்றொழிலோடு சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. சிங்களத்தில் வருவதைத் தமிழாக்க வேண்டும். அச்சாகி வந்தால், தமிழ் ஆட்கள் கூடும் இடங்களில் கொண்டுபோய் ஒட்டுவதும் என் தலையில்தான் விழும்.

அந்த நோட்டீஸை டைப் பண்ணித் தந்தவள் என் மனைவி. அப்போது அவளுக்கு எட்டு மாதம். "இந்தச் சுறா ஒரு தடவைக்கு இரண்டு குட்டிதான் போடும்" என்ற வரி வந்ததும் கையை எடுத்துவிட்டு, "எனக்கு ஒண்டே போதும்" என்றாள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது அடையாளம் சொல்லும் பகுதி. உடம்பளவு நீண்ட வால், அந்த வாலைக் கண்டால் பிடிக்காதீர்கள், விற்காதீர்கள், வாங்காதீர்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி எழுதியிருந்தேன். பால் சுறாவுக்குத் தடை இல்லை, அது ஒரு மீற்றருக்குமேல் பெரிதாக வளராது என்று ஒரு வரியும் சேர்த்தேன். சனங்கள் குழம்பக் கூடாதே என்ற நல்ல எண்ணம்.

தூணுக்கு நேரெதிரே என் வாடிக்கை மீன்கடை. கடைக்காரர் கொட்டாஞ்சேனை ஆள். அவருடைய அண்ணன் நீர்கொழும்பிலிருந்து பலநாள் படகில் ஆழ்கடல் மீன்பிடிக்குப் போகிறவர். நான் பசை பூசி முடியும்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"சேர், அண்ணன் லைன் இழுத்தா கெலவல்லா மீன்ட தலை மட்டும்தான் வருது. உடம்ப சுறா திண்டுட்டு போயிருக்கும். முந்தி மாதிரி மீனும் இல்ல. திண்டவனையே பிடிச்சா, நூலை வெட்டி விட்டுரு எண்டு நீங்க எழுதுறீங்க. சுறாவுக்கு நீங்க இருக்கிறீங்க. எங்களுக்கு ஆரு?"

மீன் குறைந்ததற்குச் சுறா காரணமில்லை, சுறாவும் சேர்ந்துதான் குறைகிறது என்று விளக்கினேன். அதுவும் நோட்டீஸில் இருந்தது. அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, எனக்கு அன்று நல்ல மீன் எதையும் காட்டவில்லை.

பிறகு மகன் பிறந்தான். ஒன்பதாம் நாளும் மனைவிக்குப் பால் போதவில்லை. பிள்ளை குடித்துவிட்டு அழுவான், அவனைப் பார்த்து அவள் அழுவாள். பத்தியம் பார்க்க வந்திருந்த மச்சாள், அதாவது மனைவியின் அக்கா, எங்கள் சிறிய ஃபிளாட்டை மூன்றே நாளில் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்திருந்தா.

"சுறா வறை குடுக்கோணும். நான் சொல்லி எத்தினை நாள்?"

"இப்ப சில சுறாவுக்குச் சட்டம் இருக்கு மச்சாள்."

"சட்டம் பால் குடுக்குமோ?"

சட்டத்தைத் தமிழாக்கிய நானே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

கடையில் பால் சுறா இல்லை. மூன்று நாளாக வரவே இல்லையாம். ஐஸ் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமான, தடித்த துண்டு. தலை இல்லை, செட்டை இல்லை.

"வால் எங்கே?" என்றேன்.

"வாலை வெச்சுத்தானே கண்டுபிடிக்கலாம் எண்டு சேர் எழுதியிருக்கீங்க. அதான் அண்ணனாக்கள் கடல்லயே வெட்டிப் போட்டுட்டு வாறாங்க. நோட்டீஸ் நல்ல தெளிவு சேர். முந்தி எங்கட ஆக்களுக்கு எதை வெட்டுறதெண்டு தெரியாது."

அவர் கேலி செய்கிறாரா, மெச்சுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இரண்டும்தான். பால் சுறா தேடுகிறீர்களே, வீட்டில் யாருக்குப் பிள்ளை என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை. துண்டை ஷொப்பிங் பேக்கில் போட்டு, பக்கத்துக் கடையில் ஒரு பிடி முருங்கை இலை வாங்கி மேலே வைத்து மறைத்தும் தந்தார். நான் தூணின் பக்கம் திரும்பாமல் வந்தேன். காலி வீதியைக் கடக்கும்வரை வெட்கமாக இருந்தது. வீட்டுப் படியேறும்போது பிள்ளையின் அழுகை கேட்டது, வெட்கம் போய்விட்டது.

மச்சாள் அவித்து, தோல் உரித்து, உதிர்த்து, மஞ்சளும் உள்ளியும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்தா. மணம் மாடி முழுக்கப் போனது. மனைவி முதல் கவளத்தை வாயில் வைத்தபடி கேட்டாள்.

"என்ன சுறா?"

"பால் சுறா."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள்.

அன்று பின்னேரம் பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினான். மச்சாள் வெற்றிப் பெருமிதத்தோடு தன் அக்காமார் எல்லோருக்கும் போன் எடுத்தா. சுறாவா, ஒன்பது நாளாக விடாமல் சப்பிய பிள்ளையா, யார் பாலைக் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியாது. மச்சாளிடம் கேட்கும் துணிவும் இல்லை.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி மெல்லச் சொன்னாள்.

"அந்த நோட்டீஸை நான்தானே டைப் பண்ணினனான். பால் சுறாவில அவ்வளவு பெரிய துண்டு எப்பிடி வரும்? குசினியில வெட்டேக்க பாத்தனான்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் சாப்பிட்டனீர்?"

"பிள்ளை அழுதுகொண்டெல்லோ இருந்தவன்."

அந்தச் சுறாவின் வயிற்றிலும் இரண்டு குட்டி இருந்திருக்குமோ என்று அவள் கேட்டுவிடுவாளோ எனப் பயந்தேன். அவள் வேறு சொன்னாள்.

"வெட்டின துண்டிலயும் எப்பிடி அடையாளம் பிடிக்கிறதெண்டு அடுத்த நோட்டீஸில போடுங்கோ. டைப் பண்ணித் தாறன்."

பிள்ளை இப்போது தவழ்கிறான். அந்த நோட்டீஸை நான் இன்னும் எழுதவில்லை. எழுதினால், அந்தத் தூணில் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க ஒட்ட வேண்டியவனும் நான்தான்.