ஒரே ஆள் பார்க்க ஒரு பாட்டு வீடியோ

கல்யாண வீடியோக்காரனுக்குத் தெரிந்த மனிதர்கள் இரண்டே வகை: தானாகச் சிரிக்கிறவர்கள், சொன்னால் சிரிக்கிறவர்கள். கள்ளக்குறிச்சியில் இருபது வருஷமாக "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லியே சோறு தின்றவன் நான். கேமராவைத் தோளில் சுமந்து, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் தீர்ந்துபோய் வெறும் மோர்ச் சோற்றோடு எழுந்த சக தொழிலாளிகளே, சோகத்தைப் படம் பிடிக்க உங்களை யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா? என்னைக் கூப்பிட்டார்கள்.

லட்சம் பேர் வேண்டாம்

கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து பச்சையம்மா என்றொரு பெண் கடைக்கு வந்தார். நடவு வேலைக்குப் போகிறவர், நன்றாகப் பாடுவார். 'ஒடம்புக்கு வந்தா காய்ச்சலு, மனசுக்கு வந்தா மட்டும் பேயா?' என்று ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். நின்றபடியே பாடிக் காட்டினார். வீடியோ எடுத்துப் போட்டால் லட்சம் பேர் பார்ப்பார்கள் என்றேன்.

அவருக்கு லட்சம் பேர் தேவைப்படவில்லை. கொத்தனாரான தம்பி ஏழுமலை எட்டு மாசமாக வேலைக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, பேசுவதில்லை. டாக்டரிடம் கூப்பிட்டால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறாராம். பச்சையம்மா சொன்னார்: "செல்போன மட்டும்தாங்கண்ணா பாத்துக்கினு இருக்கான். அதுக்குள்ள பூந்துதான் அவன்கிட்ட பேசணும். ஒரே ஆளு பாத்தா போதும்."

ராஜா வேஷக்காரர்

மனசு சரியில்லாத ஆளாக நடிக்கத் தெருக்கூத்தில் முப்பது வருஷம் ராஜா வேஷம் கட்டிய பெருமாளண்ணனைப் பிடித்தேன். "வசனமே கிடையாது, சும்மா சோர்ந்துபோய் உக்காரணும்" என்று விளக்கினேன். அவர் மார்பில் அடித்துக்கொண்டு தரையில் புரண்டு கர்ஜித்தார். பக்கத்தில் மேய்ந்த கோழிகள் பறந்து கூரைமேல் ஏறிவிட்டன. நாலாவது தடவை மிகவும் அடக்கி, கண்ணீரோடு ஒரே ஒரு கர்ஜனையில் முடித்தார். அந்தக் கர்ஜனையையும் விட்டுவிடச் சொன்னேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது: "சத்தம் போடாம சோகப்பட்டா கடைசி வரிசைல குந்தியிருக்கறவனுக்கு எப்டிப்பா தெரியும்?"

வெள்ளிமலையில் தனிமை

அடுத்த காட்சி தனிமை. வெள்ளிமலையில் சாமைக் கொல்லை ஓரம் ஒரு பாறைமேல் பெருமாளண்ணனை உட்கார வைத்துவிட்டு, நான் தூரத்துப் புதருக்குப் பின்னால் கேமராவோடு ஒளிந்துகொண்டேன். முதலில் ஒரு ஜீப் நின்றது. டிரைவர் இறங்கி, "இன்னாண்ணா, ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்டு வண்டியில் ஏற்றப் பார்த்தார். அவரை அனுப்புவதற்குள் விறகுக் கட்டோடு வந்த ஒரு அம்மா கட்டை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் பாறையைச் சுற்றி ஆறு பேர். அண்ணன் கேழ்வரகுக் களி தின்றுகொண்டிருந்தார்.

புதரிலிருந்து எழுந்து ஓடினேன். "ஷூட்டிங்மா இது! அவர் யாருமில்லாம இருக்கணும்" என்று கெஞ்சினேன். விறகுக்கார அம்மா அசையவில்லை. "நீ பாட்டுக்குப் படம் புடி. அதுக்காவ மனுசன ஒண்டியா வுட்டுட்டா போவ முடியும்?"

ரோஜா மழை

எடிட்டிங்கும் நானேதான். என் கம்ப்யூட்டருக்கும் கல்யாணத்தைத் தவிர வேறு தெரியாது. அவசரத்தில் பழைய கல்யாண டெம்ப்ளேட்டிலேயே போட்டுவிட்டேன். டாக்டர் வேஷத்தில் இருந்தவர் மாத்திரையை நீட்டியதும் ரோஜா இதழ் மழையாகக் கொட்டியது, இதயங்கள் இரண்டு பறந்து வந்து ஒன்று சேர்ந்தன. பச்சையம்மா முழுதும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தாண்ணா இருக்கு. மாத்திரைக்கும் டாக்டருக்கும் கண்ணாலம் ஆன மாதிரி."

அந்த ஒரே ஆள்

ரோஜாவை எடுத்துவிட்டு நானே செல்லோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆல்பம் காட்டும்போதுகூட அப்படிப் பயந்ததில்லை. ஏழுமலை சுவரோரம் படுத்தபடியே பார்த்தார். பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். பச்சையம்மா வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஏழுமலை எழுந்து உட்கார்ந்தார். என் வேலையைக் குறை சொன்ன மாமியார்கள் எத்தனையோ பேர், எவர் சொல்லியும் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எட்டு மாசத்துக்குப் பிறகு அவர் பேசியது இதுதான்: "படத்தத் தப்பா எடுத்துக்கிறீங்கண்ணா. இந்தாளு மாதிரி அழ முடிஞ்சா, நான் இன்னாத்துக்கு சொவத்த பாத்துக்கினு கெடக்கறேன்?"

மறுபடியும் எடுத்தோம்

"அப்ப நீயே உக்காந்து காட்டு" என்றேன். காட்டினார். சும்மாதான் உட்கார்ந்தார். ஒரே தடவையில் காட்சி முடிந்தது, கேமராவுக்குப் பின்னால் என் கண் கலங்கிவிட்டது. அடுத்தது டாக்டர் காட்சி. "அதுக்கும் நானா?" என்றார். பாதியில் ஆள் மாறினால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் என்று, வராத தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். பாதிச் சுவரை விட்டுவிட்டுப் போகிற கொத்தனார் இல்லை அவர். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

இந்தத் தடவை டாக்டர் நிஜ டாக்டர். வாசல்வரைக்கும்தான் கேமரா, உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். காட்சிப்படி ஏழுமலை உள்ளே போய் இரண்டு நிமிஷத்தில் மருந்துச் சீட்டோடு வெளியே வரவேண்டும். போனவர் வரவில்லை. கால் மணி ஆனது, அரை மணி ஆனது. பச்சையம்மா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கேமரா பேட்டரி தீர்ந்து அணைந்துபோனது, நான் மாற்றவில்லை.

முக்கால் மணி கழித்துக் கதவு திறந்தது. ஏழுமலையின் கண்கள் சிவந்திருந்தன, கையில் சீட்டு இருந்தது. என்னிடம் வந்து கொஞ்சம் சங்கடமாகச் சொன்னார்: "சரியா வரலபோலண்ணா. அடுத்த செவ்வாக்கெழம ரீடேக்குக்கு வரச் சொல்லிக்கிறாரு."

இருபது வருஷத்தில் ஆயிரம் சிரிப்பைப் படம் பிடித்திருக்கிறேன், ஆனால் என் தொழிலிலேயே உருப்படியான காட்சி எதுவென்று கேட்டால், பேட்டரி தீர்ந்த பிறகு நடந்ததைத்தான் சொல்வேன்.