ஒரு பாசிவிலங்கின் முதல் அறை

கண்டியிலிருந்து திருகோணமலைக்கு நூற்று எண்பத்திரண்டு கிலோமீற்றர். மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பேருந்தில் ஏறினேன். கையில் ஐந்து உருப்படிகள்: உடுப்புப் பை, மருந்துப் பை, குடை, தண்ணீர்ப் போத்தல், இரண்டு துவாய்களால் சுற்றிய நுணுக்குக்காட்டி. தம்புள்ளையில் ஐந்தையும் எண்ணினேன். ஹபரணையில் திரும்ப எண்ணினேன். மனைவி வரவில்லை. “பாசி பாக்க நான் என்னத்துக்கு? தம்பியைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ” என்று வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

தம்பலகாமத்து வயல்களைக் கடக்கும்போது கொண்டக்டர் என் மடியைப் பார்த்தார்.

“என்ன ஐயா, சாமிச் சிலையோ? இப்பிடி அணைச்சு வைச்சிருக்கிறியள்.”

“நுணுக்குக்காட்டி. கண்ணுக்குத் தெரியாததைப் பாக்கிறது.”

“அப்ப என்ர சம்பளத்தையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

கப்பல்துறை தாண்டியதும் காற்றில் உப்பு வந்தது. அதன் பிறகு நான் எதையும் எண்ணவில்லை என்றால் பொய். பாலங்களை எண்ணினேன்.

நான் விலங்கியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். போய்க்கொண்டிருந்தது ஒரு பாசிவிலங்கைப் பார்க்க. படகின் அடியில் செம்மஞ்சள் நிறப் பொருக்காகப் படர்ந்திருக்கும். பாசி என்றோ ஊத்தை என்றோ நினைப்பார்கள். உற்றுப் பார்த்தால் ஆயிரக்கணக்கான சுண்ணாம்பு அறைகள், அறைக்கு ஓர் உயிர். இரண்டு வருடங்களுக்கு முன் மனைவியின் தம்பி பாலனின் வள்ளத்திலிருந்து ஒரு துண்டைக் காயவைத்துக் கண்டிக்குக் கொண்டுபோனேன். அறைவாயின் வடிவம் புத்தகங்களில் இருந்த எதனோடும் சரியாகப் பொருந்தவில்லை. புதிய இனம் என்று நான் சொன்னேன். கப்பல்களின் அடியில் ஒட்டி உலகத் துறைமுகங்களெல்லாம் சுற்றும் சாதாரண இனம்தான் என்று கொழும்பிலுள்ள நண்பர் சொன்னார். முடிவு சொல்லக்கூடியது ஒன்றுதான். முட்டையிலிருந்து வரும் குடம்பி ஓரிடத்தில் ஒட்டி முதலாவது அறையைக் கட்டும். அதன் விளிம்பில் ஒன்பது முள் இருந்தால் நண்பர் சொன்ன இனம். வேறு எண்ணானால் என்னுடையது. வளர்ந்த பொருக்கில் அந்த முதல் அறை மற்றவற்றுக்கு அடியில் புதைந்துவிடும். பிறக்கும்போதே பார்த்தால்தான் உண்டு. கண்டியில் கடல் இல்லை. எனக்கு எழுபத்தாறு வயது. இலத்தீனில் ஒரு பெயரும் யோசித்து வைத்திருந்தேன்.

செவ்வாய் பின்னேரம், உட்துறைமுகக் கரையில் அப்போதுதான் ஏற்றிச் சரித்திருந்த வள்ளத்தின் அடியில் குந்தியிருந்து சுரண்டினேன். பாலன் கதிரை போட்டு இருந்து பார்த்தான்.

“அத்தான், இதுக்கு நான் ஆளுக்குக் கூலி குடுக்கிறனான். நீங்கள் சும்மா சுரண்டித் தாறியள். மாசம் ஒருக்கா வாங்கோவன்.”

“இது ஊத்தை இல்லை, பாலன்.”

“ஊத்தை இல்லாட்டி ஏன் மூக்கைப் பொத்துறியள்?”

அவன் மனைவி றீற்றா நத்தாருக்குப் புடிங் போடும் கண்ணாடிக் கோப்பைகள் ஆறைத் தந்தாள். கடல்நீர் விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுப் பொருக்கும் இரண்டு கண்ணாடித் தகடுகளும் இட்டு, இருட்டுக்காக அவளுடைய அலுமாரிக்குள் அடுக்கினேன். சேலைகளை ஒருபக்கம் ஒதுக்கித் தந்தவள், “அண்ணை, குட்டி போட்டுதெண்டால் சொல்லிப்போட்டு வெளியில எடுங்கோ” என்றாள்.

புதன் காலை கோப்பைகளைக் குசினி மேசைக்குக் கொண்டுவந்தேன். யன்னல் வழியே வெயில் சரிந்து விழுந்தது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் குடம்பிகள் புறப்படும் என்று படித்திருக்கிறேன்; பார்த்ததில்லை. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. நுணுக்குக்காட்டிக்குள் அறைவாய்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் மயிரிழைக் கொம்புகள் புனல்போல விரிந்து நீரில் ஆடின. நான் மூச்சை விட்டால் மேசை அசைந்தது. மேசை அசைந்தால் அத்தனையும் உள்ளே போயின. எனவே அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். வெளியே துறைமுகம் எண்ணெய் வார்த்ததுபோலக் கிடந்தது. ஒரு சரக்குக் கப்பல் தண்ணீரின் மேலா ஆகாயத்தின் மேலா நிற்கிறது என்று தெரியவில்லை. இந்த ஊர்த் தெருக்களில் திரியும் புள்ளிமான்களில் ஒன்று முற்றத்துக்கு வந்து றீற்றாவின் செவ்வரத்தைச் செடியைத் தின்றது. அவள் விரட்டும் சத்தம் வேறெங்கோ கேட்பதுபோல இருந்தது.

அப்போதுதான் கோப்பைக்குள் செம்மஞ்சள் பொட்டு ஒன்று எழும்பியது. பிறகு ஒன்று. பிறகு வெயிலில் தூசி மிதப்பதுபோல நிறைய. அறுபத்தொன்று வரை எண்ணினேன். அதற்குமேல் அவை ஒன்றையொன்று சுற்றின, என் கண்ணும் சேர்ந்து சுற்றியது, எண்ணுவதை விட்டுவிட்டேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று சொல்லத் தெரியாது. றீற்றா வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

மத்தியானமாகியும் ஒன்றுகூடத் தகட்டில் ஒட்டவில்லை. ஒட்டாமல் சில மணி நேரம் நீந்தினால் குடம்பி களைத்துச் செத்துவிடும். நீர் சூடோ? உப்புக் குறைவோ? மூன்றாவது தடவை தகட்டைத் தூக்கிப் பார்த்தபோது அது பளபளத்தது. முதல்நாள் நானே ஸ்பிரிட் போட்டு ஏழு தரம் துடைத்த பளபளப்பு! சுத்தமான கண்ணாடியில் கடலுயிர் எதுவும் குடியேறாது, மேலே மெல்லிய வழுவழுப்பு வேண்டும் என்று வகுப்பில் நானே படிப்பித்தவன். இறங்குதுறைக்கு ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்றுதான் சொல்லவேண்டும். நங்கூரக் கயிற்றின் வழுவழுப்பை வழித்துவந்து பன்னிரண்டு தகடுகளிலும் பூசினேன்.

“துடைக்கிறதும் நீங்கள், பூசுறதும் நீங்கள்” என்றான் பாலன்.

பொழுதுபடுமுன் பதினேழு ஒட்டியிருந்தன.

வியாழன் முழுவதும் அவை வெறும் பொட்டுக்களாகவே கிடந்தன. வெள்ளி காலை சுவர் எழும்பியிருந்தது. ஒவ்வொரு பொட்டும் ஓர் அறை. ஒவ்வோர் அறைக்குள்ளும் ஓர் உயிர் முதல் தடவையாகக் கொம்பு விரித்துக் கடலைத் தொட்டுப் பார்த்தது. விளிம்பில் முட்கள் கண்ணாடி இழைகள்போல நின்றன. வலமாக எண்ணினேன். ஒன்பது. இடமாக எண்ணினேன். ஒன்பது. பதினேழையும் எண்ணினேன்.

“ஒன்பது” என்று கொழும்புக்குச் செய்தி அனுப்பினேன். நண்பர் மரியாதைக்காக இரண்டு மணி நேரம் பதில் போடவில்லை.

“என்ன அண்ணை, முகம் ஒரு மாதிரி?” என்றாள் றீற்றா.

“புதுசில்லை. எங்கட கடலுக்குச் சொந்தமும் இல்லை. கப்பலடியில ஒட்டிக்கொண்டு வந்தது. எப்ப வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

“இதுகள் என்ர மேசையில பிறந்ததுகளெல்லோ? வந்ததுகள் எண்டுறியள்.”

“அது வேறை, இது வேறை. இனம் எங்க தோன்றினது எண்டதுதான் கணக்கு. இந்தப் பதினேழும் எங்க பிறந்தது எண்டது இல்லை.”

“பிறந்தது இங்கதானே?”

“ஓம். ஆனால்...”

“உந்த ‘ஆனாலை’ நீங்களே வைச்சிருங்கோ” என்று சொல்லி அடுத்த கோப்பையைக் கழுவ எடுத்தாள். பாலன் சிரித்தான். “அத்தான், இவளோட கதைச்சு வெல்ல ஏலாது. நான் இருபத்தெட்டு வருசமா முயற்சி செய்யிறன்.”

வகைப்பாட்டில் அவள் வாதத்துக்கு இடமில்லை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

பதினொரு தகடுகளை இறங்குதுறையிலிருந்து நீரில் இறக்கிவிட்டேன். கடல் அவற்றை மெதுவாக, பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டது. ஒரு தகட்டை மட்டும் ஸ்பிரிட்டில் இட்டுப் போத்தலை மூடினேன். பகல் பேருந்து சீனன்குடாவைக் கடந்தபோது போத்தலில் ஒட்டும் சிட்டையை எழுத எடுத்தேன். இனத்தின் பெயரை எழுதினேன். யாரோ எப்போதோ வைத்த பெயர். அடுத்து வழக்கமாக எழுதுவது, எடுத்த இடம். நாற்பது வருடமாக எல்லாச் சிட்டையிலும் அப்படித்தான் எழுதிவந்தேன்; செத்ததைத்தானே எடுத்தேன், வேறென்ன தெரியும்? பேருந்து குலுங்கியது. பென்சிலை அழுத்திப் பிடித்து, “பிறந்த இடம்: திருகோணமலை” என்று எழுதினேன்.