குரங்கிடம் பேசாத டாக்டர்

பேச்சிப்பாறையில் என் வீட்டின் பின்பக்க அறையில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வனவிலங்கு டாக்டர் வாடகைக்கு இருந்தார். மனிதர்களின் நோய் காட்டுக் குரங்குகளுக்குத் தொற்றுகிறதா என்பது அவருடைய ஆராய்ச்சி. ஒல்லியான உடம்பு, முழங்கை வரை பிறாண்டல் தழும்பு. அவரைத் தேடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

லாரியில் அடிபட்டுக் கால் ஒடிந்த ஒரு குரங்குக்குட்டி அவரிடம் சிகிச்சையில் இருந்தது. முகமூடி போட்டுக்கொண்டுதான் கூண்டருகே போவார். வெளியே வந்ததும் கழற்றிவிடுவார். மணிக்கணக்கில் கட்டுப் போடுவார், பழம் ஊட்டுவார். ஆனால், வாயைத் திறக்கமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

“டாக்டரே, ஒரு வார்த்த பேசினா என்ன கொறஞ்சிரும்? அதுக்கும் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமலாக்கும் கெடக்கு” என்றேன்.

“என் குரல் பழகிட்டா எல்லார் குரலுக்கும் வரும். பிஸ்கட்டுக்காக ரோட்டுல நிக்கும். மறுபடியும் அடிபடும்” என்றார்.

கால் கூடியதும் என் ஜீப்பில் கொண்டுபோய்க் காட்டோரம் விட்டோம். மரங்களில் ஒரு குரங்குக்கூட்டம் இருந்தது. பாதி தூரம் போன குட்டி, திரும்பி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. அவருடைய கை தானாகக் கீழே இறங்கியது. சட்டென்று காலை உதறி, “போ!” என்று கத்தினார். குட்டி மிரண்டுபோய் மரமேறியது. அத்தனை நாளில் அதனிடம் அவர் பேசிய ஒரே சொல் அதுதான்.

அன்றே ஊருக்குக் கிளம்பினார். தக்கலையில் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தார். குட்டியை விடும்போது போட்டிருந்த முகமூடியை அப்போதும் கழற்றியிருக்கவில்லை.