மணியை என்னோடு சேர்ந்து தேடிய முருகேசன்

ஓசூர் பேருந்து நிலையத்தில் தளி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது கேன்டீன் சேகர் போன் செய்தான். "அண்ணே, நம்ம முருகேசண்ணன் போயிட்டாருண்ணே. காலையில நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." என் பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

அவனோடு ஒரே அறையில் இருந்தவன் என்பதால் இரங்கல் கூட்டத்துக்கு என்னை எழுதச் சொன்னீர்கள். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் சட்டைக் கையை மடிப்பவன், புதிதாக வந்தவனுக்குத் தன் டிபனில் பாதியைக் கொடுப்பவன் என்றெல்லாம் நீங்கள் சொல்வீர்கள். அவ்வளவும் உண்மை. ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை விட்டுவிட்டு அவனைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

அப்போது நாங்கள் இருவரும் வார்ப்படத் தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆட்கள். நான் சாத்தூர், அவன் ஊத்தங்கரை. ரத்னம்மா என்ற கன்னடக்கார அம்மாளின் மாடி அறையில் குடியிருந்தோம். கேன்டீனுக்குப் பின்னால் தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்த ஒரு செவலை நாய்க்குட்டியை நான்தான் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். மணி என்று பெயர் வைத்தேன். ரத்னம்மா கீழே நின்றபடியே சொல்லிவிட்டார்: "நாத்தம் கீழ வந்துச்சோ, நாயோட நீங்களும் காலி பண்ணணும், ஆமா."

மணி பாயில் பெய்தது. என் யூனிஃபார்மில் பெய்தது. ஒருநாள் நான் செருப்பை ஓங்கியபோது முருகேசன் கையைப் பிடித்துக்கொண்டான். "அடிச்சா என்னாத்தக் கத்துக்கும்? நீ இல்லாத நேரமாப் பாத்துப் பண்ணணும்னு கத்துக்கும். அவ்ளோதான் மாப்ள."

அதன்பின் அவன் சொன்னபடிதான் நடந்தது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி ஓய்ந்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, பக்கத்துக் காலிமனையில் அதே புங்க மரத்தடியில் விடுவோம். முடித்ததும் "ஆச்சா, ராஜா?" என்று தடவிக்கொடுத்து ஒரு துண்டு ரஸ்க். ஒருமுறை நான் ரஸ்க்கை மாடிக்கு வந்து கொடுத்தேன். "அங்கியே குடு. இங்க வந்து குடுத்தா, படியேறினதுக்குக் கூலின்னு நெனச்சுக்கும்" என்றான். குட்டி தனியாக இருக்கக் கூடாதென்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி வேறு வேறு ஷிப்ட் வாங்கிக்கொண்டோம். நான் வேலை முடிந்து வந்து நுழையும்போது அவன் கிளம்புவான். எங்கள் பேச்செல்லாம் வாசலிலேயே, மணியைப் பற்றியதாகவே இருந்தது. "ரெண்டு தடவ ஆச்சு, கொஞ்சம் இளக்கமா இருந்துச்சு, பால் ஊத்தாத." சில வாரங்களில் மணி தானே கதவைப் பிறாண்டிக் கூப்பிட்டது. ரத்னம்மாவே ராகிக் களி உருட்டி வைக்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வந்தபோது மணி இல்லை. "கதவச் சாத்தாம டீ வாங்கப் போயிட்டேன் மாப்ள" என்றான். முகம் வெளிறியிருந்தது. இருவரும் கிளம்பினோம். பேருந்து நிலையம், மீன் மார்க்கெட், ஏரிக்கரை என்று தேடினோம். செவலை நாய் ஒன்று கெலவரப்பள்ளிப் பக்கம் போனதாக யாரோ சொல்ல, சைக்கிளில் அணைவரைக்கும் போனோம். மேட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவனே மிதித்தான். வழியெல்லாம் "மணீ, மணீ" என்று தொண்டை கட்டக் கூப்பிட்டான். அணைக்கரையில் நான் அழுதபோது தோளில் கை போட்டு, "விடு மாப்ள. நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கும்" என்றான். ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அவனுக்கு வேலை நிரந்தரமானது. அறையைக் காலி செய்தான். அவன் கட்டிலை நான்தான் இறக்கிக் கொடுத்தேன்.

அந்த வருட ஆயுதபூஜைக்கு, மேனேஜர் வீட்டில் பொரியும் ஸ்வீட்டும் கொடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கூடத்தில் கால் வைத்ததும் மணி பாய்ந்து வந்தது. என் காலைச் சுற்றிச் சுற்றி ஊளையிட்டு, சந்தோஷம் தாங்காமல் பளபளக்கும் டைல்ஸில் பெய்துவிட்டது.

மேனேஜரின் மனைவி திகைத்துப் போனார். "ஒருநாளும் உள்ள பண்ணினதே இல்லையே! வீட்டை அசிங்கம் பண்ணாத நாயா வேணும்னு கேட்டுட்டிருந்தோம். முருகேசன்தான் கொண்டுவந்து விட்டாரு. தனியாளா அவரே பழக்குனாராம்."

துணி கேட்டு வாங்கி நானே துடைத்தேன். மணி என் முதுகில் ஏறி நின்றது.

மறுநாள் கேன்டீனில் அவன் எதிரில் உட்கார்ந்தேன். "மணியப் பாத்தேன்" என்றேன். சாப்பிடுவதை நிறுத்தினான்.

"எனக்கு வேற வழி தெரியல மாப்ள. நாலு வருசமா காண்ட்ராக்ட். எங்கூட்ல எல்லாரும் என்னையேதான பாக்கறாங்க."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனோ என்னவோ. அது போகட்டும். ஏன்டா எங்கூடச் சேந்து தேடுன?"

தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னான். "நீ தனியாத் தேடறதப் பாக்க முடியல."

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. ஒரே கேட்டில் நுழைந்தோம், ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தோம். அவன் கல்யாணப் பத்திரிகையை என் லாக்கரில் செருகிவிட்டுப் போனான். நான் போகவில்லை. நேற்று போனேன். மாலை போட்டேன். மன்னித்தேன் என்று சொன்னால் அது பொய்.

நாயை அடிக்காமல் பழக்கலாம் என்று அவன் காட்டியது என்னோடு இருக்கிறது. என் மகள் பாலைக் கொட்டினாலும் நான் கை ஓங்குவதில்லை. அதை அவன் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிதாக என்னிடம் இருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அன்று அவன் என்னைத் தனியாகத் தேட விட்டிருந்தால், அவனை வெறுத்து, மறந்தும் போயிருப்பேன். அவன் மேட்டில் மூச்சிரைக்க மிதித்தான். வரமாட்டாது என்று தெரிந்த நாயைத் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். அந்தக் குரல் நடிப்பில்லை, நண்பர்களே. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.