மருந்துச் சீட்டில் ஒரு எஸ்.ஓ.எஸ்.

மதுரையில் கம்பவுண்டர் படிப்பை முடித்துவிட்டு, காரைக்குடி செக்காலையில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். அறுபதுகளின் கடைசி அது. இப்போதுபோல அட்டையிலிருந்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கிற வேலை இல்லை. டாக்டர் சீட்டு எழுதுவார். நான் மிக்சர் கலக்கிப் பாட்டிலில் ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய காகிதத்தை வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டித் தருவேன்.

சீட்டில் பாதி லத்தீன்தான். டி.டி.எஸ். என்றால் தினம் மூன்று வேளை. பி.சி. என்றால் சாப்பாட்டுக்குப் பின். உச்சியில் போடுகிற ஆர்எக்ஸ், 'ரெசிபி' என்பதன் சுருக்கம். 'எடுத்துக்கொள்' என்று மருந்து கலக்குகிறவனுக்கு இடும் உத்தரவு அது. சமையல் குறிப்பை இங்கிலீஷில் ரெசிபி என்பதும் அதிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் பல நூறு வருஷத்துக்கு முன்பு வைத்தியம், சட்டம், சாமி காரியம் எல்லாவற்றையும் லத்தீனில் எழுதினார்களாம். அதை வீட்டில் பேச ஆளில்லாமல் போன பிறகும் மருந்துச் சீட்டு மட்டும் விடவில்லை.

1. பக்கத்துக் கடை பாய்

நான் சேர்ந்த அன்றே பக்கத்து சர்பத் கடை பாய் இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னா தம்பி?"

"சிரப், பாய்."

"நம்ம சர்பத் மாதிரியில்ல இருக்கு."

உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். "ரெண்டும் ஒரே வம்சம்தான் பாய். அரபியில ஷராப்னா குடிக்கிறதுன்னு அர்த்தம். அரபு வைத்தியப் புஸ்தகங்கள லத்தீன்ல எழுதுனப்ப அது 'சிரூப்பஸ்' ஆச்சு. இங்கிலீஷ்காரன் சிரப்னு வச்சுக்கிட்டான். உங்க சர்பத்தும் அந்த வேர்லருந்து வந்ததுதான்."

பாய் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே யாபாரம். ஆனா என் கடையில யாரும் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுக் குடிக்கிறதில்ல டாக்டரு."

டாக்டர் சிரித்த சிரிப்பில், உள்ளே நாக்கை நீட்டிக்கொண்டிருந்த நோயாளியும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

2. கப்பலில் வேலை பார்த்த ஆசாரி

செல்லையா ஆசாரி பல வருஷம் கப்பலில் தச்சு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் மகனுக்கும் கொத்தமங்கலம் மாணிக்கம் ஆசாரியின் மகளுக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். காரைக்குடியில்தான் நடக்க வேண்டும் என்று இவர் சொன்னார். பெண் வீட்டில்தான் என்று அவர் சொன்னார். இருவரும் முறுக்கிக்கொண்டு நின்றது எங்கள் தெருவுக்கே தெரியும்.

ஒரு நாள் காலை செல்லையா ஆசாரி கிளினிக்குக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. மாணிக்கத்துக்கு என்ன நோவு?"

"நல்லாத்தானே ஐயா இருக்காக."

"கல்யாணமே வேணாம்னு சொல்லிருவோம்னு நேத்து அங்குட்டுப் போனேன். மனுசன் அசைய மாட்டாமப் படுத்துக் கிடக்காரு. தலைமாட்டுல உங்க சீட்டு. அதுல எஸ்.ஓ.எஸ்.னு போட்டிருக்கீக. கப்பல்ல அதை எப்ப அடிப்பாகன்னு எனக்குத் தெரியாதா? முங்கப் போறப்பத்தான்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அவருட்ட ஒண்ணும் கேக்கலை. 'சம்பந்தி, உங்க ஊர்லயே வைப்போம், வார முகூர்த்தத்துலயே முடிச்சுருவோம்'னு சொல்லிட்டு வந்துட்டேன். மக கழுத்துல தாலி ஏறுறதக் கண்ணால பாத்துரட்டும். அதுவரைக்கும் தாங்குவாரா? அதை மட்டும் சொல்லுங்க."

ஒருவர் நோயை இன்னொருவரிடம் சொல்லக்கூடாதுதான். ஆனால் இந்த மனுஷரை இப்படியே அனுப்பவும் முடியாது. டாக்டரிடம் அழைத்துப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மரத்தைத் தூக்குனதுல இடுப்பு பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். வலி மாத்திரை எழுதுனேன். எஸ்.ஓ.எஸ்.னா லத்தீன்ல 'சி ஓபஸ் சிட்'. தேவைப்பட்டா மட்டும் போட்டாப் போதும்னு அர்த்தம்."

செல்லையா ஆசாரி பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஐயா, கல்யாணம் எந்த ஊர்ல?" என்று கேட்டேன்.

"நான் அப்படிச் சொன்னதும் மாணிக்கம் என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு தம்பி. இனிமே எப்படி மாத்துறது? கொத்தமங்கலத்துலயே நடக்கட்டும்."

நடந்தது. டாக்டரும் நானும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். மாணிக்கம் ஆசாரி சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினார். பின்னாலேயே அப்பளத்தோடு வந்த செல்லையா ஆசாரி என் காதருகே குனிந்தார். "அந்த லத்தீன் வெவகாரத்த சம்பந்தியிட்ட சொல்லிராதீக."

அடுத்த நாளிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சீட்டில் டாக்டர் எஸ்.ஓ.எஸ். என்று வலி மாத்திரை எழுதினால், மாத்திரைப் பொட்டலத்தின் மேல் 'வலி இருந்தால் மட்டும்' என்று தமிழில் எழுதி, வாயாலும் சொல்லி அனுப்பினேன். மருந்துக் கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கேட்காவிட்டாலும் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுங்கள். சீட்டு வீட்டுக்குப் போனபிறகு யார் எடுத்துப் படிப்பார்கள், என்ன நினைப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. எங்கள் சீட்டு ஒரு கல்யாணத்தில் போய் முடிந்தது. எல்லாச் சீட்டும் அப்படி முடியும் என்று இருந்துவிட முடியாது.