துள்ளுற மீனும் ஓடுற நண்டும்

செத்த மீன் ஐஸ்ல பேசாம கிடக்கும். உயிர் மீன் விக்கிறவன் மீனையும் சமாளிக்கணும், வாங்க வர்றவங்களையும் சமாளிக்கணும். கடை வெச்சு நொந்துபோனவங்களுக்கு இது புரியும். செல்போன் பரவ ஆரம்பிச்ச வருஷங்கள்ல, விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தொட்டியில விராலும் ஈரச் சாக்குல நண்டும் வெச்சு வித்தேன்.

தூங்குற மீன்

வளையல் கடை பாத்திமாக்காவுக்கு மீன் துள்ளணும். அன்னிக்கு விரால் அசையாம கிடந்தது.

"செத்துப்போச்சு தம்பி"ன்னாங்க.

"தூங்குதுக்கா"ன்னேன்.

நம்பாம, தொட்டிக்குள்ள குனிஞ்சு பாத்தாங்க. நான் வாலை லேசா சுண்டினேன். மீன் எகிறி அவங்க கன்னத்துல அறைஞ்சு, கையில இருந்த பைக்குள்ளயே விழுந்தது. அக்கா முகத்தைத் தொடச்சிக்கிட்டுச் சொன்னாங்க: "இவ்ளோ துள்ளுறது வேணாம், சாதுவா ஒண்ணு குடு."

மண்ணுல நடந்தது

செராமிக் பொம்மை செய்ற குமார், கையெல்லாம் வெள்ளை மண்ணோட வந்தார். நண்டு பொம்மைக்கு ஆர்டராம். பாத்துச் செய்ய உயிர் நண்டு வேணுமாம். நல்லதா ஒண்ணு பொறுக்கிக் குடுத்தேன்.

சாயந்தரமே திரும்பி வந்துட்டார். நண்டு கட்டை அவுத்துக்கிட்டு, காய வெச்சிருந்த பிள்ளையார் வரிசை மேல நடந்து, நாலு தும்பிக்கைய உடைச்சிருக்குது. எங்கிட்ட அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்: "செத்தது ஒண்ணு இருந்தா குடுங்கண்ணே, இது போஸு குடுக்க மாட்டேங்குது."

பன்னெண்டாவது நண்டு

கருவேப்பிலங்குறிச்சி தங்கராசு மாமாவோட மருமகன், போன தடவ கெட்டுப்போன நண்டு தின்னு ரெண்டு நாள் படுத்துட்டாராம். சம்பந்தி வூட்டுல இன்னும் அதையே சொல்லிக் காட்டுறாங்களாம். மறுபடி விருந்து. மாமா கண்ணு முன்னால ஒவ்வொண்ணா நடக்கவிட்டுப் பாத்துப் பன்னெண்டு எடுத்தார். நான் அவசரத்துல சாக்குக்கு முடிச்சு போட்டேன்.

கொஞ்ச நேரத்துல மாமா ஏறின பஸ்ஸுல ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பாத்தா, எல்லாரும் காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சிருக்காங்க. முடிச்சு என்னோடதாச்சே! சீட்டுக்கு அடியில தவழ்ந்து பதினொண்ணு பிடிச்சேன். பாக்கி ஒண்ணு பிரேக்குக்குக் கீழ. டிரைவர் கீழ எறங்கிட்டார். படுத்துக்கிட்டுக் கைய விட்டேன். நான் நண்டைப் பிடிக்கிறதுக்கு முன்ன நண்டு என் விரலைப் பிடிச்சிடுச்சு. அப்படியே தொங்கவிட்டு வெளிய கொண்டாந்தேன். ரத்தம் சொட்டுது. மாமா நண்டைத்தான் பாத்தார்: "நல்ல வேளை, உசுரோட இருக்குது!"

இப்போ முட்டை விக்கிறேன். அதையும் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாக்குறாங்க.