வெற்றுப் பக்கத்துக்கு அடுத்த பக்கம்

சபையாரே, என் மகள் ஷீபா போன வருடம் பிளஸ் டூ வேதியியலில் அறுபத்துநான்கு மதிப்பெண் வாங்கினாள். நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக வேதியியல் நடத்துகிறவள். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அந்த மே மாதக் காலையில் எங்கள் வீடு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மற்ற பாடங்களில் எல்லாம் தொண்ணூறுக்கு மேல் வாங்கியிருந்தாள். வேதியியலிலும் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் உரிய முப்பது முழுதாக வந்திருந்தது. அப்படியானால் எழுத்துத் தேர்வில் எழுபதுக்கு முப்பத்துநான்கு. அவளுடைய அப்பா குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். வரப்பில் நடந்து வளர்ந்த பிள்ளை, பத்தாம் வகுப்பிலிருந்தே அக்ரி படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அறுபத்துநான்கை வைத்துக்கொண்டு அந்தக் கட் ஆஃபை எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

பத்து மணிக்குள் போன் வர ஆரம்பித்துவிட்டது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர், "என்ன ஜெபா டீச்சர், ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் நடத்துறீங்க, வீட்ல நடத்த மாட்டீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலை மகள்மேல் கொட்டினேன். "எங்க கோட்ட விட்ட? எத எழுதாம வந்த?" என்று கேட்டேன். அவள் அழவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் என்ன எழுதினாள் என்று வரிசையாகச் சொன்னாள். சொல்லி முடித்து, "இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியாதும்மா" என்றாள். அவள் சொன்ன விடைகள் சரி என்று ஆசிரியையாக எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவாக நான் அவளை நம்பவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மாலை புத்தகங்களை எல்லாம் ஒரு காலி உரச்சாக்கில் போட்டு, வாயைக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சு நின்றது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவாள், இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் வரவில்லை. அந்த வாரம் செய்தித்தாளில் என்னென்ன வந்தன என்று உங்களுக்குத் தெரியும். பேப்பரை அவள் கண்ணில் படாமல் மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். "கதவத் தாழ்ப்பா போடாத" என்று அவளிடம் சொன்னேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் குளிக்கப் போனால் ஏதோ துணி காயப்போடுவதுபோல் வெளியே நின்றிருப்பேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கொஞ்சம் நின்றாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஒரு நாள் அவள் தட்டில் அப்படியே வைத்துவிட்டுப் போன சோற்றைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உடைந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அந்த விடைத்தாளைத் திருத்தியவர்தான் சரியாகத் திருத்தவில்லை. என் கோபம் முழுவதும் முகம் தெரியாத அந்த ஆளின்மேல் திரும்பியது. நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குள் போய் முழங்கால் போட்டேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? "கர்த்தாவே, என் பிள்ளையின் விடைத்தாளை அலட்சியமாகத் திருத்தினவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும். நாலு பேர் முன்னால் வெட்கப்படுத்தும்" என்று ஜெபித்தேன். சபையாரே, அந்த ஜெபம் கேட்கப்பட்டது. எப்படிக் கேட்கப்பட்டது என்பதுதான் நம் சபைப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தச் சாட்சி.

ஷீபா படித்த பள்ளி மூலமாக விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தோம். நகல் வந்த அன்று மன்னார்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திரையில் பார்த்தோம். பதினாறு பக்கம் வரை ஒழுங்காகத் திருத்தி இருந்தது. பதினாறின் அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. விடைத்தாள் முடிந்தது என்பதற்குப் போடும் கோடு அது. பதினேழும் பதினெட்டும் வெற்றுப் பக்கங்கள். பத்தொன்பதிலிருந்து மறுபடியும் ஷீபாவின் கையெழுத்து! ஐந்து மதிப்பெண் கேள்விகள் மூன்று, மூன்று மதிப்பெண் கேள்விகள் மூன்று. ஒரு இடத்தில்கூடச் சிவப்பு மை இல்லை.

நடந்தது இதுதான். ஒரு கணக்கு சட்டென்று வராததால், பிறகு எழுதலாம் என்று இரண்டு பக்கம் விட்டிருக்கிறாள். கடைசியில் நேரம் இல்லை. அப்படி இடம் விட்டு எழுதச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். திருத்தியவர் வெற்றுப் பக்கத்தைப் பார்த்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்து மூடிவிட்டார்.

குரலை உயர்த்தியே பேசாத என் கணவர் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி "ஸ்தோத்திரம்!" என்றார். நான் அழுதேன். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்த கையோடு, வீட்டுக்கு வந்து புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தேன். திருத்தியவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும், சும்மா விடக்கூடாது என்று நான்கு பக்கம். எழுதிய வரைக்கும் சத்தமாக வாசித்தும் காட்டினேன். ஷீபா அங்கே பிரிண்ட் எடுத்த நகலைக் கையில் வைத்துச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு அவளாக ஒரு வார்த்தை பேசினாள்.

"நீயும் இப்படித்தான் கோடு போடுவியாம்மா?"

குத்திக் காட்ட அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் என் பேனா நின்றுவிட்டது.

ஏனென்றால் நானும் போட்டிருந்தேன். அந்த ஏப்ரலில் தஞ்சாவூரில் நடந்த விடைத்தாள் திருத்தும் முகாமில் நானும் இருந்தேன். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் அன்று மதியம் எனக்கு ஒரு கட்டு கொடுத்தார்கள். மாலை ஆராதனைக்கு நான் ஊர் வந்து சேர வேண்டும். முகாமில் எங்களுக்கு மேலே இருந்தவர், "மீதிய வச்சிட்டுப் போங்க டீச்சர், சனிக்கிழம வந்து பாத்துக்கலாம்" என்றுகூடச் சொன்னார். உயிர்த்தெழுந்த பண்டிகை வேலை கிடக்கிறது, சனிக்கிழமை யார் வருவது என்று நினைத்து, விறுவிறுவென்று முடித்துவிட்டுப் பஸ் பிடித்தேன். அன்று இரவு திருவிருந்து ஆராதனையில் நான் தனிப்பாடல் பாடினேன். மனம் உருகிவிட்டது என்று நீங்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்.

அந்தக் கட்டில் ஒரு விடைத்தாள் எனக்கு நினைவு வந்தது. மறந்துபோயிருந்தேன் என்று சொன்னால் அது பொய். நினைக்காமல் இருந்தேன். நடுவில் ஒரு வெற்றுப் பக்கம். அதன் பின்புறத்திலிருந்து நீல மை லேசாகத் தெரிந்த மாதிரி இருந்தது. ரஃப் ஒர்க்காக இருக்கும் என்று புரட்டாமல் கோடு போட்டேன். கூட்டினால் பதின்மூன்று. எழுத்துத் தேர்வில் பதினைந்து இருந்தால்தான் பாஸ். இரண்டு மதிப்பெண்ணில் போகிற விடைத்தாளை இன்னொரு தடவை பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று நான் பார்க்கவில்லை.

என் மகளுக்குப் பரவாயில்லை, மதிப்பெண்தான் குறைந்தது. நான் கோடு போட்ட பிள்ளை பெயிலாகியிருக்கும்.

புகார்க் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். கணவரிடம் சொன்னேன். நாற்றங்கால் வேலையை முடித்துச் சேற்றுக் காலோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"யாரும் கேக்கலியே? நீயா போயி ஏன் மாட்டிக்கிற? ஹெட்மிஸ்ட்ரஸ் புரமோஷன் பேனல்ல ஒம் பேரு இருக்கு."

"இருக்குங்க. அதான் பயமா இருக்கு."

"ஜூன் கடைசில மறுபடி எழுதிப் பாஸ் பண்ணிட்டுப் போவுது அந்தப் புள்ள. ஒரு பக்கத்துல மை தெரிஞ்சிச்சோ இல்லியோ, அதுவும் ஒனக்கு நிச்சயமில்ல."

அவர் கெட்டவர் இல்லை. என்மேல் உள்ள அக்கறையில் சொன்னார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மறுபடி நெல் மூட்டைகளுக்கு நடுவே முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அந்தப் பிள்ளை தானாகவே நகலுக்கு விண்ணப்பித்திருக்கட்டும்" என்று கேட்டேன். நல்ல ஜெபம்போலத்தான் இருந்தது. ஆனால் ஆமென் சொல்ல வாய் வரவில்லை. நான் தப்பித்துக்கொள்வதற்காக ஒரு பிள்ளையைத் துணைக்கு இழுக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. மூன்று நாள் இப்படியே போயிற்று. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் தேதியும் முடிந்துவிட்டது.

நான்காம் நாள் காலை சமையல்கட்டில் ஷீபா என் பக்கத்தில் வந்து நின்றாள். நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, அந்தப் புள்ளைக்கும் வீட்ல ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் இருப்பாங்களா?"

நான் அடுப்பை அணைத்தேன். அன்றே தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். ஷீபாவும் கூட வந்தாள். ரிசல்ட் வந்த பிறகு அவள் வீட்டை விட்டுத் தானாகக் கிளம்பியது அன்றுதான். கடிதம் ஒரே பக்கம். எந்த நாள், எந்தக் கட்டு, நான் என்ன செய்யத் தவறினேன் என்பது மட்டும். பஸ்ஸில், வேலைக்கு ஆபத்து வருமோ, சஸ்பெண்ட் செய்துவிடுவார்களோ என்று மனம் என்னென்னவோ கற்பனை செய்தது.

தேர்வுத் துறை அலுவலகத்தில் அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"டீச்சர், ஏன் மார்க்கு கொறஞ்சிச்சுன்னு சண்ட போட தெனம் பத்து பேரு வர்றாங்க. நாந்தான் கொறச்சேன்னு யாரும் வந்ததில்ல. வெளிய கொஞ்ச நேரம் ஒக்காந்து யோசிங்க. இத இன்வார்டு பண்ணி நம்பர் போட்டுட்டா அப்புறம் என் கையில இல்ல."

வெளியே போய் உட்கார்ந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன் என்று தெரியும். ஷீபா என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"இன்வார்டு பண்ணுங்க சார்" என்றேன்.

முத்திரை குத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே வந்ததும் ஷீபா, "அம்மா, பசிக்குது" என்றாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மூன்று தோசை சாப்பிட்டாள். அந்த நிமிடமே நான் ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஜூன் மாதம் மறுமதிப்பீட்டு முடிவு வந்தது. ஷீபாவுக்கு எண்பத்தாறு. அவள் ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்கவில்லை. ஆனால் அக்ரி கிடைத்தது, வேறு மாவட்டத்தில். பரணில் இருந்த சாக்கை அவளே இறக்கிப் பிரித்தாள். அந்த வாரமே ஒரு பகலில் அலுவலகத்திலிருந்து அதிகாரி போன் செய்தார்.

"டீச்சர், நீங்க சொன்ன கட்டப் பிரிச்சுப் பாத்தாச்சு. வெத்துப் பக்கத்துக்குப் பின்னாடி அஞ்சு பக்கம் எழுதியிருக்கு. பதினெட்டு மார்க்கு. பதிமூணு முப்பத்தொண்ணா ஆயிடுச்சு, பாஸ்."

"அந்தப் புள்ள நகலுக்கு அப்ளை பண்ணியிருந்திச்சா சார்?"

"இல்ல டீச்சர். மறுபடி எழுதப் பணம் கட்டியிருந்திச்சு. இனி எழுத வேணாம்னு இப்பதான் ஸ்கூலுக்குத் தகவல் சொல்லியிருக்கோம்."

நான் கேட்ட அந்தச் சுலபமான ஜெபத்தை ஆண்டவர் கேட்டருளவில்லை. கேட்டிருந்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன். முதலில் கேட்டதைத்தான் கொடுத்தார். அலட்சியமாகத் திருத்தினவளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நாலு பேர் முன்னால் வெட்கப்படவும் வைத்தார்.

ஜூலையில் எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். அந்த வருடப் பேனலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். பள்ளியில் ஒரு மாதம் முதுகுக்குப் பின்னால் பேச்சு நடந்தது. வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல், காரணம் என்று இருக்கும் இடத்தில், "மெமோ கிடைத்ததற்காக" என்று எழுதிப் போட்டேன். பிறந்தநாள், திருமண நாள், மகனுக்கு வேலை என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்த நம் ஆயர், என் கவரில் தடுமாறினார். நீங்கள் சிரித்தீர்கள். அன்று ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

ஷீபாவின் விடைத்தாளைத் திருத்தியவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரையும் நான் இப்போது சபிப்பதில்லை. அவரும் ஏதோ ஒரு பஸ்ஸுக்கு ஓடியிருப்பார். இந்த வருட முகாமில் ஒவ்வொரு விடைத்தாளையும் கடைசி அட்டை வரை புரட்டினேன். மற்றவர்கள் கிளம்பிய பிறகுதான் கிளம்பினேன். பெரிய வியாழன் ஆராதனைக்குப் பாதியில்தான் வந்து சேர்ந்தேன், பாட முடியவில்லை.

ரிசல்ட்டால் மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர் யாராவது இதை வாசித்தால், உங்கள் பிள்ளை சொல்வதை முதலில் நம்புங்கள். நகல் வாங்கிப் பாருங்கள். ஆண்டவரிடம் நியாயம் கேளுங்கள், தைரியமாகக் கேளுங்கள். அவர் கொடுப்பார். அது உங்கள் பக்கமே திரும்பி வந்தாலும் பயப்படாதீர்கள், அவர் கூடவே வருவார்.

பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். மகனா மகளா என்பதுகூட எனக்குத் தெரியாது. உன் விடைத்தாள் எப்படி மாறியது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவேளை இந்தப் பத்திரிகை எப்படியோ உன் கைக்கு வந்தால், இதைத் தெரிந்துகொள். அந்த ஒரு மாதம் உன்னை என்னென்ன சொல்லித் திட்டினார்களோ, நீயே உன்னை என்னென்ன நினைத்துக்கொண்டாயோ, அதில் ஒன்றும் உண்மை இல்லை. நீ பெயிலாகவில்லை, கண்ணு. நான்தான் பக்கத்தைத் திருப்பவில்லை.